கூழ் அண்டாவில் கரைத்த பூச்சி மருந்து

மருந்து கொடுத்த மறுநாள் காலையில் நாவல்தாங்கலில் இருந்த நூற்றுப் பதினேழு கோழிகளும் இடது காலை நொண்டின. தப்பு மருந்தில் இல்லை. கரைத்த அண்டாவில். அண்டாவை எடுத்துக் கொடுத்தவன் நான்.

அம்மன் கோயில் பாத்திரச் சாவி என்னிடம் இருந்தது. அதனால் வந்த வினை.

முன்னேயெல்லாம் கோழிக்குப் பூச்சி மருந்து என்றால், ஆடி பிறந்ததும் வேப்பங்கொழுந்தும் தும்பையிலையும் பூண்டும் கடுகும் மஞ்சளும் அவரவர் அம்மியில் அவரவர் அரைத்து, கசப்பு தெரியாமலிருக்க வெல்லம் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, கோழியை முழங்காலிடுக்கில் பிடித்து, அலகைப் பிளந்து, தொண்டைக்குள் தள்ளி, அது விழுங்கும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். பெரிய வைத்தியமென்று யாரும் நினைக்க வேண்டாம். பாதியைக் கோழி துப்பிவிடும், மீதியில் பாதி விரல் கொத்துப்பட்ட ஆத்திரத்தில் கீழே விழும், தேறின கோழி தேறும், தேறாதது குழம்பாகும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் முழுக்க வேலை. விட்டது சனி என்று எல்லோரும் விட்டார்கள்.

பிறகு சில வருசம் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. கோழிகள் தின்றன, தின்றது உடம்பில் ஏறவில்லை. கொண்டை வெளுத்தது, நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்தியது. கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா வெண்ணிலா, செத்த கோழி ஒன்றை ஊர் நடுவில் சிமெண்டுச் சாக்கின் மேல் போட்டு அறுத்து, குடலைக் கீறிக் காட்டினாள். உள்ளே வெந்த சேமியா மாதிரி வெள்ளைப் பூச்சி, உயிரோடு. அதற்குப் பிறகு ஆறு மாசம் எங்கள் ஊரில் எவளும் சேமியாப் பாயசம் வைக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று டாக்டரம்மா கொடுத்தாள். காலையிலிருந்து தண்ணீர் காட்டாமல் வைத்து, மருந்தைத் தண்ணீரில் கரைத்து, தாகத்தில் குடிக்க விடணும், ஒரு வாரம் முட்டை தின்னக்கூடாது, இருபத்தோராம் நாள் மறுபடி கொடுக்கணும், பூச்சி போட்டுவிட்டுப் போன முட்டை அதற்குள் பொரித்துவிடும் என்றாள். அவரவர் வீட்டில், அவரவர் பாத்திரத்தில், என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவள் வண்டி திரும்பினதும் சண்டை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு கோழிக்காரியின் பொட்டலமும் ஒன்பது கோழிக்காரியின் பொட்டலமும் ஒரே கனமாகத் தெரிந்தன. உனக்கு அதிகம், எனக்குக் கம்மி. கோழி எங்கள் ஊரில் பெண்களுடைய சொத்து. நிலம் புருசன் பேரில், மாடு மாமனார் பேரில், கோழி மட்டும் அவள் பேரில். அதில் ஆம்பளை வாய் வைக்கக்கூடாது. நான் வைத்தேன்.

"கூழுக்கு இன்னா பண்றோம்?" என்றேன். "கொடுத்தவ கொடுத்த மாவை ஒரே அண்டாவுல கொட்டிக் காய்ச்சுறோம் இல்ல? எவ மாவு எவ வயித்துக்குப் போச்சின்னு எவளாவது கேட்டாளா? அண்டாவுல கொட்டுங்க. சத்தம் வோணாம்."

என் பெண்சாதி ராசாம்பாள்தான், "டாக்டரம்மா தனித்தனியான்னு சொல்லிச்சே" என்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். கொட்டினார்கள். கூடைகூடையாகக் கோழிகளைக் கோயில் மைதானத்துக்குக் கொண்டுவந்து திறந்துவிட்டார்கள். தகரத் தட்டுகளில் ஊற்றின ஒரே தண்ணீரை ஊர்க்கோழி அத்தனையும் குடித்து, குடித்த வாயை அம்மனுக்கு நேரே தூக்கி விழுங்கியது.

மறுநாள் காலை நொண்டின.

ராசாம்பாள் வாசலில் நின்றபடி தெருவைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் எங்களுக்கு ஒரு கிழட்டுப் பெட்டை, ஒன்பது வயசு, பேரே மொண்டி. அதன் நடை எங்களுக்குத் தெரியும். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து, ஒரு சின்னக் குதி. அதே ஊன்றல், அதே இழுப்பு, அதே குதி, தெருக்கோடிவரை.

"மொண்டி நடைய எல்லாம் நடக்குது, பாரு" என்றாள்.

"நடந்தா நடக்கட்டும்" என்றேன்.

ஏன் இப்படி ஆனதென்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரே அண்டாவில் குடித்தன, ஒரே கோழி ஆகிவிட்டன, இதில் கேட்க என்ன இருக்கிறது? டாக்டரம்மா மட்டும் வந்து பார்த்து, கேட்டு, பதில் கிடைக்காமல், நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். ஒன்று முட்டையிட்டால் எல்லாம் கொக்கரித்தன, சரியாகப் பதினோரு மணிக்கு, சேவல்கள் உட்பட. கொக்கரித்து முடித்த சேவல்கள் சாயங்காலம்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தை வைத்து நூறு நாள் வேலைக்காரர்கள் தண்ணி குடிக்க எழுந்தார்கள், ரேஷன் கடைக்காரன் கடிகாரத்தைத் திருத்தினான்.

ஏழுமலை வீட்டுக்கு மருமகன் வந்தான். ஏழுமலை சேவலை இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். அந்த நிமிசத்தில் ஊரில் மேய்ந்துகொண்டிருந்த, குப்பை கிளறிக்கொண்டிருந்த, மண்ணில் புரண்டுகொண்டிருந்த கோழி அத்தனையும், யார் கையும் படாமல், தரைக்கு ஒரு சாண் மேலே, கால்களை வானத்துக்குக் காட்டி, இறக்கை விரிந்து தலைகீழாகத் தொங்கின. ஏழுமலை கத்தியோடு தெருவை எட்டிப் பார்த்தான். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். சேவலைக் கீழே விட்டான். நூற்றுப் பதினேழும் தொப்பென்று விழுந்து, சிலிர்த்துக்கொண்டு, நொண்டிப் போயின. மருமகன் ரசஞ்சோறு தின்றுவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினான்.

தீனிதான் வேடிக்கை. ஒரு கோழி தின்றால் எல்லாவற்றுக்கும் வயிறு நிறைந்தது. இது தெரிந்த அன்றைக்கே ஊரில் ஒருத்தியும் தீனி போடவில்லை. அவள் போடட்டும் என்று இவள், இவள் போடட்டும் என்று அவள். அப்படியும் நாலு நாளாகக் கோழிகள் காயவில்லை. எவளோ போடுகிறாள், எவள் என்று தெரியவில்லை, தெரிந்தால் நன்றி சொல்ல வேண்டிவரும் என்று ஒருத்தியும் தேடவில்லை. ராசாம்பாள் தேடினாள்.

பச்சையம்மாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கோழி, தங்கம் என்று பேர், மஞ்சள் கால். ஆள் இல்லாத வீட்டில் விட்டால் கீரி பிடிக்குமென்று, வேலைக்குப் போகிற இடத்துக்கெல்லாம் கூடையில் வைத்துத் தூக்கிப்போய், நிழலில் கவிழ்த்து, மத்தியானம் ஒரு பிடி நொய் போடுவாள். அந்த ஒரு பிடி நொய்யில் ஊர்க்கோழி மொத்தமும் நாலு நாள் பிழைத்திருந்தது.

"எனக்கு இன்னா தெரியும்க்கா? எங்கூட்டுத் தங்கம் ரெண்டு கொத்துலயே போதும்னு ஏப்பம் வுடுது. சரி, கொறைச்சலா தின்னுதுன்னு நெனைச்சேன்" என்றாள் பச்சையம்மாள்.

அதன் பிறகு முறை வைத்தார்கள். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு, ஒரு வீட்டுக்குப் பிடி கம்பு. பருந்து வந்தால் ஒரு கோழி பார்த்தால் போதும், நூற்றுப் பதினேழும் பதுங்கின. மேலத்தெருக்காரி தன் கோழியின் தலையில் தட்டினால் கீழத்தெருவில் தலை ஆடும், அதற்கு என்ன அர்த்தமென்று இரண்டு பேர் ஏற்கெனவே பேசி வைத்திருப்பார்கள். செல்போனில் காசு தீர்ந்தால் கோழி. இப்படியே இருந்துவிட்டால்கூட என்ன என்று ஊர் பேசத் தொடங்கியது. எனக்கே பரவாயில்லை என்றிருந்தது. நொண்டினால் என்ன, கோழி ஓட்டப்பந்தயமா ஓடப் போகிறது?

பதினைந்தாம் நாள் மொண்டி தலையைத் தொங்கப் போட்டது.

ஊர்க்கோழி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டன.

டாக்டரம்மா வந்து மொண்டியை மடியில் வைத்துக் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். "நோய் ஒன்றும் இல்லை ஐயா. வயசு. ஒன்பது வருசம் கோழிக்கு அதிகம். ஒரு வாரம் தாங்கினால் பெரிசு."

ராசாம்பாள் கேட்டாள். "இது செத்தா?"

டாக்டரம்மா மொண்டியை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தாள். வாசலில் நின்ற பெண்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து மொண்டியைப் பார்த்தார்கள். ஒருத்தி குங்குமப்பூ போட்ட பால் கொண்டுவந்தாள், ஒருத்தி ஊறவைத்த பாதாம், ஒருத்தி தன் குழந்தைக்கு வாங்கின டானிக். அம்மன் பூசாரி வந்து விபூதி பூசினான். மொண்டி யாருக்கும் வாய் திறக்கவில்லை. தங்கத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு பச்சையம்மாள் இரண்டு பஸ் மாறித் தங்கச்சி ஊருக்குப் போனாள், தூரம் போனால் விட்டுப்போகும் என்று. அங்கேயும் தங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கிடந்தது. திரும்பி வந்தாள். என் எதிரில் நின்று, "மாமா, எனக்கு இது ஒண்ணுதான்" என்றாள்.

நான் அண்டாவைத் தேய்த்தேன். சாம்பல் போட்டு, புளி போட்டு, செங்கல் தூள் போட்டு. தேய்த்து என்ன?

பதினெட்டாம் நாள் எதிர்வீட்டில் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கோழி கிடையாது. கோழி என்றாலே ஆகாது. வீட்டைச் சுற்றி முள்வேலி, வேலிக்குள் கீரைப்பாத்தி, முற்றத்தில் எந்நேரமும் மிளகாயோ வடாமோ காயும். ஊர்க்கோழி அத்தனையும் அந்த வேலியில் எங்கே சந்து என்று தெரிந்து வைத்திருந்தன, அவளும் ஊர்க்கோழி அத்தனையையும் தெரிந்து வைத்திருந்தாள். எட்டு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் விட்டெறிந்த விறகுக்கட்டை எங்கள் பெட்டையின் இடது காலில் விழுந்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். அவள் பேரைக்கூட அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை. எதிர்வீட்டுக்காரி. அவ்வளவுதான்.

அன்றைக்கு ஏழுமலை வீட்டு வெள்ளைக் கோழி தலை தொங்கித் தள்ளாடி, வேலிச் சந்தில் நுழைந்து, காய்ந்துகொண்டிருந்த மிளகாய் மேல் விழுந்துவிட்டது. அவள் வெளியே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"வந்துட்டியாடி? சாகறதுக்கும் எங்கூட்டு மொளகாதான் வோணுமா உனுக்கு? போன தை மாசம் பொங்கலுக்கு மறுநாளு, நான் கண்ணசந்த நேரம் பாத்து, அரை மொறம் வத்தலைக் கால்ல வாரி எறைச்சியே, நீ ஒருத்திதான அது? கறுப்பி கூட வேலிக்கு வெளிய நின்னா, உள்ள வந்தது நீ! மறந்துட்டேன்னு பாத்தியா? உன் மூஞ்சியும் தெரியும், உன் கொண்டையில அறுந்த பல்லும் தெரியும்!"

வெள்ளைக் கோழி தலையைத் தூக்கியது.

வலமும் இடமும் பார்த்தது. தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது மாதிரி ஒரு உதறு உதறியது. எழுந்து, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, நொண்டாமல், கௌரவமாக வேலிச் சந்து வழியே வெளியே போனது. தெருவில் மற்ற கோழிகள் தலை தொங்கியபடியே கிடந்தன.

துடைப்பத்தோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்த ராசாம்பாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஊரைக் கூட்டினாள்.

பெண்கள் எதிர்வீட்டுக்காரியின் வேலிக்கு முன்னால் நின்றார்கள். "சின்னம்மா, எங்க கோழியையும் திட்டு." "அத்தே, எங்க சேவல, உன்ன எவ்வளவு பாடு படுத்திச்சி, ரெண்டு வார்த்தை கேளு." அவள் வாய்க்குப் பயந்து அந்தப் பக்கம் தலைகாட்டத் தயங்குகிறவர்கள்.

அவள் மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "அண்டாவ எடுத்துக் குடுத்த பெரிய மனுசன் எதிர்ல குந்திக்கினு கீறாரே, அவரு வாயத் தொறந்து கேக்கட்டும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ராசாம்பாள் வேறு விதமாகப் பார்த்தாள். நான் எழுந்தேன். தெரு பத்தடி. நடந்தேன். வேலியண்டை நின்றேன்.

"வா. திட்டு" என்றேன்.

"இதுக்கா எட்டு வருசம் மாமா?" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் மொண்டியிடம்தான் கூட்டிவந்தார்கள். அதை ஒன்றைத் திட்டிக் கழற்றிவிட்டால் மற்றதெல்லாம் பிழைக்கும் என்பது எந்த மடையனுக்கும் தெரியும். அவள் மொண்டி எதிரில் குந்தினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "கீரப் பாத்திய" என்று ஆரம்பித்தாள். குரல் ஏறவில்லை. மொண்டியின் இடது கால் கோணலாக நீண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத திட்ட எனக்கு வாய் இல்ல மாமா" என்றாள். "இது பண்ணதுக்கெல்லாம் அன்னிக்கே கட்டையால கேட்டுட்டேன். கேட்டதுக்கு மேலயே கேட்டுட்டேன். இனிமே இதுதான் என்னத் திட்டணும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மத்ததக் காட்டுங்க. ஒண்ணொண்ணா."

அன்று மத்தியானம் தொடங்கினாள். வீடு வீடாகப் போய், கோழி கோழியாகக் குந்தி, அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, அது எந்த மாசம் எந்த வேளை எந்தச் சந்து வழியாக வந்து எதை மிதித்தது, எதைத் தின்றது, எதன் மேல் பீச்சியது என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லித் திட்டினாள். திட்டுப் பட்ட கோழி தலையைத் தூக்கி, உதறி, தான் யாரென்று தெரிந்துகொண்டு நொண்டாமல் போனது. நேரம் மிச்சமாகட்டுமென்று மூன்றைச் சேர்த்து நிறுத்தி, "நீங்கல்லாம் கூட்டுக் களவாணிங்கடி" என்றாள். மூன்றும் அசையவில்லை. ஒன்றின் குற்றத்தை இன்னொன்றின் மேல் போட்டாலும் அசையவில்லை. அவரவர் குற்றம் அவரவர் காதில் விழ வேண்டும்.

"டேய் செவலை! உங்கூட்டுக் கூர இன்னா இடிஞ்சா பூட்டுது? எங்கூட்டு மாட்டுக் கொட்டா மேல ஏறித்தான் கூவணுமா? கூவறதுதான் கூவற, ஒரு நாளாவது நேரத்துக்குக் கூவினியா?"

செவலைச் சேவல் எழுந்தது. அதன் சொந்தக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏண்டி புள்ளிக்காரி, எங்கூட்டு வைக்கப்போருல பத்து நாளு முட்டை வெச்சே, எடம் குடுத்தேன், கம்முனு இருந்தேன். பதினோராம் நாளு உங்கூட்டுக்காரி வந்து, வேலிய முறிச்சிக்கினு, கூடையோட அள்ளிக்கினு போனா. ஒரு முட்டை, எண்ணி ஒரே ஒரு முட்டை, இந்தா சின்னம்மான்னு குடுத்தாளா?"

புள்ளிக்காரி எழுந்தாள். கூட்டத்தில் நின்ற அவள் வீட்டுக்காரி, "இப்ப வேணா தரேன் சின்னம்மா" என்றாள். ஊர் சிரித்தது. மொண்டி தலையைத் தொங்கப் போட்டதற்கு அப்புறம் எங்கள் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு.

இரண்டு பகல். மூன்றாம் பகலில் பாதி. தொண்டை கட்டியது, பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்தார்கள், குடித்துவிட்டுத் திட்டினாள். டாக்டரம்மா விடுப்புப் போட்டுவிட்டு வந்து, பின்னாலேயே நோட்டோடு நடந்தாள். திட்டின கோழிகளின் எண்ணிக்கை ஏற ஏற மொண்டிக்கு மூச்சு இறங்கியது. கழுத்து மண்ணில் படுத்துவிட்டது. ராசாம்பாள் விசிறிக்கொண்டே இருந்தாள். நூற்றுப் பதினைந்து முடிந்தது.

மிச்சம் தங்கம்.

பச்சையம்மாள் கூடையைத் திறந்து வைத்தாள். எதிர்வீட்டுக்காரி குந்தினாள், பார்த்தாள், யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"இது எங்கூட்டுக்கு வந்ததே இல்லியேடி" என்றாள்.

பச்சையம்மாள் அழுதாள். "எங்க வுட்டேன் சின்னம்மா? கூடையிலயே வெச்சிக்கினேனே. ஊருல எல்லாம் சொல்லுவாங்களே, கோழின்னா பச்சையம்மா கோழி மாதிரி இருக்கணும்னு. ஒரு தப்பும் பண்ணலியே!"

"வத்தலத் தின்ன" என்று எதிர்வீட்டுக்காரி பொய்யாகத் திட்டிப் பார்த்தாள். தங்கம் அசையவில்லை. மூஞ்சி சரியில்லை, நடை சரியில்லை என்றாள். அசையவில்லை. செய்யாத குற்றம் ஒட்டவில்லை. தங்கத்தின் கழுத்து, மொண்டியின் கழுத்து இறங்கிய அதே அளவுக்குக் கூடைக்குள் இறங்கியது. இனி அந்தியைத் தாண்டாது என்று டாக்டரம்மா என் காதில் சொன்னாள்.

அப்போது எதிர்வீட்டுக்காரி எழுந்து போய்த் தன் வேலி வாசலின் முள்படலைத் திறந்தாள். அகலமாகத் திறந்தாள். அந்தப் படல் அப்படித் திறந்து ஊர் பார்த்ததில்லை. உள்ளே ஆடிப்பட்டத்தில் விதைத்த தண்டுக்கீரை, பன்னிரண்டு நாள் பயிர், இரண்டு இலை மூன்று இலை விட்டு, செவப்பாக, பாய் விரித்த மாதிரி.

"கொண்டாந்து வுடு" என்றாள்.

தங்கத்தைப் பாத்தி நடுவில் வைத்தார்கள். கிடந்தது. கூடையில் வளர்ந்த கோழிக்குக் கிளறவும் தெரியவில்லை, கிளறப் பலமும் இல்லை. பலமெல்லாம் மொண்டியோடு போய்க்கொண்டிருந்தது.

ராசாம்பாள் என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்குள் போய் மொண்டியைத் தூக்கினேன். கையில் ஒரு கனமும் இல்லை, துணி மாதிரி இருந்தது. தெருவைத் தாண்டி, படலைத் தாண்டி, எட்டு வருசமாகக் கால் வைக்காத மண்ணில் கால் வைத்து, அதைத் தங்கத்துக்குப் பக்கத்தில் விட்டேன்.

காலையில்தான் தண்ணீர் விட்ட பாத்தி. ஈர மண் வாசம். மொண்டி ஒரு கண்ணைத் திறந்தது. அலகைக் கீரையில் வைத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது எழுந்தது. எப்படி எழுந்தது என்று என்னைக் கேட்க வேண்டாம், எழுந்தது. வலது காலை ஊன்றிக்கொண்டு, அந்தக் கோணல் இடது காலால், எந்தக் காலில் கட்டை விழுந்ததோ அந்தக் காலால், மண்ணைப் பின்னால் வாரியது. அதே நொடியில் தங்கத்தின் இடது காலும் வாரியது. மண் பறந்தது. கீரை வேரோடு பறந்தது. இன்னொரு வாரல். இன்னொன்று. கிழவியும் குமரியும் ஒரே தாளத்தில் பாத்தியை ஒரு முனையிலிருந்து கிளறிக்கொண்டு போனார்கள், எதிர்வீட்டுக்காரியின் முகம் கீரையை விடச் செவந்தது.

"அடியேய் தங்கம்!"

அந்தக் குரலில் கட்டின தொண்டை திறந்துகொண்டது. "கூடையில குந்திக்கினு ஒண்ணுந் தெரியாத பாப்பா மாதிரி இருந்தியே, நீயாடி இது? பன்னெண்டு நாளு கொடத்துல மொண்டு மொண்டு ஊத்தினேன்டி, இடுப்பு ஒடிய! இன்னும் பத்து நாளுல பறிப்பேன்னு குந்தியிருந்தேன், வாரிட்டியே, வேரோட வாரிட்டியே! உன் மஞ்சக் கால ஒடிக்க..." என்றவள் அங்கே நிறுத்தினாள். கை கீழே இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. "...ஒடிக்க மாட்டேன். ஓடிப் போ. என் கண்ணு முன்னால நிக்காத."

தங்கம் தலையைத் தூக்கியது. உதறியது. இரண்டு காலாலும் ஓடிப்போய்ப் பச்சையம்மாளின் புடவைக் கொசுவத்துக்குள் புகுந்துகொண்டது. பச்சையம்மாள் அதைத் தூக்கி மார்போடு வைத்து, "எங்கூட்டுக் களவாணி, எங்கூட்டுக் களவாணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாத்தியில் மொண்டி மட்டும். காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

எதிர்வீட்டுக்காரி அதன் பக்கத்தில் குந்தி, பிடுங்கிக் கிடந்த கீரையில் இளசாக ஒன்றை எடுத்து அலகண்டை நீட்டினாள். "தின்னு" என்றாள். "உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். தின்னு." மொண்டி இரண்டு கொத்து தின்றது. மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணை மூடுகிற மாதிரி மூடியது.

தெருவில் பதினோரு மணிக்காரிகள் அவரவருக்குத் தோன்றின நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொக்கரித்தன. அன்றைக்கு நாவல்தாங்கலில் செத்தது ஒரே ஒரு கோழி. அதைப் பாத்தியிலேயே புதைக்கலாமா என்றேன். புதை என்றாள். புதைத்தேன். ராசாம்பாள் கொஞ்சம் அழுதாள், பிறகு எதிர்வீட்டிலேயே காபி குடித்தாள், நானும் குடித்தேன், சர்க்கரை அதிகம்.

மறுநாள் இருபத்தோராம் நாள். இரண்டாம் மருந்து. டாக்டரம்மா பொட்டலம் கொடுத்தாள். அவரவர் வீட்டில், அவரவர் கொட்டாங்குச்சியில், கோழிக்கு ஒன்றாகக் கரைத்து வைத்தார்கள். யாருக்கு அதிகம், யாருக்குக் கம்மி என்று கொஞ்சம் சண்டை நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பாத்திரச் சாவியைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது கோழிகளுக்குக் கொண்டை செவந்திருக்கிறது, நெஞ்சில் சதை வைத்திருக்கிறது, மருமகன்களும் வந்து போகிறார்கள். ஊர்மக்கள் ஒத்துழைப்பால் சரியானதென்று டாக்டரம்மா மேலே எழுதிப் போட்டிருக்கிறாளாம். அம்மன் பிரித்து வைத்தாள் என்று பூசாரி சொல்லிக்கொண்டு திரிகிறான். வெளியூர்க்காரர்கள் வந்தால் என்னிடம் கேட்கிறார்கள், அண்டாக்காரன் என்று. ஊர் ஒன்றும் கிழிக்கவில்லை, அம்மனும் வேடிக்கைதான் பார்த்தாள் என்று சொல்லி, எதிர்வீட்டுப் படலைக் காட்டுகிறேன். வீடு வீடாகப் போய், தொண்டை கிழியத் திட்டி, பயிரைக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஊருக்குக் கொடுத்தவள் அங்கேதான் இருக்கிறாள். பேர் அஞ்சலாட்சி.